இருநூற்றுப் பதினான்கு நாக்குகள்

கசப்பைப் பற்றி ஒன்பது ஆண்டுகள் ஆராய்ச்சி செய்த அந்தோணிமேரி, வாழ்க்கையில் ஒரு நாளும் பாகற்காய் சாப்பிட்டதில்லை. கேட்டால், "வேலை வேற, சோறு வேற" என்பார்.

திண்டிவனத்துக்காரர். அப்பா தொம்மை, ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை பார்த்தார். எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பது தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர், மகள் போக வேண்டிய தடத்தையும் முடிவு செய்து வைத்திருந்தார்: கன்னியர் மடத்துப் பள்ளியில் டீச்சர் வேலை. மகளோ சென்னைக்குப் போய் விலங்கியல் படித்து முதல் வகுப்பில் தேறி, 1957இல் பரம்பரையாக வரும் நோய்களை ஆராயும் ஒரு துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டார்.

"பொண்ணு இன்னா படிக்குது தொம்மை?"

"டாக்டருக்கு."

"அப்ப நம்ம முட்டி வலிக்கு ஒரு ஊசி போடச் சொல்லேன்."

"இது ஊசி போடாத டாக்டரு."

"ஊசி போடாம இன்னா டாக்டரு?" என்று கேட்டால் தொம்மை அடுத்த வண்டிக்குக் கொடி காட்டப் போய்விடுவார்.

அந்தோணிமேரியின் ஆராய்ச்சி ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. ஒரு மருந்தில் நனைத்து, காயவைத்து, கத்தரிக்கோலால் விரல் நகம் அளவுக்கு வெட்டிய காகிதம். அதை நாக்கில் வைத்தால் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் காய்ச்சல் மாத்திரையைக் கடித்ததுபோலக் கசக்கும். மூன்று பேருக்குக் காகிதம் காகிதமாகவே இருக்கும். இது பழக்கத்தால் வருவதில்லை, பிறப்பால் வருவது. இரண்டு பேருக்கும் கசக்காத தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்குக் கசக்காது என்பது அந்நாளைய பாடம். ஒன்றுக்கும் உதவாத இந்தச் சின்ன விஷயம் குடும்பங்களுக்குள் எப்படி இறங்கி வருகிறது என்று தெரிந்துகொண்டால், உயிரை எடுக்கிற நோய்கள் இறங்கி வரும் வழியும் தெரியும் என்றார் சென்னைப் பேராசிரியர். அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டிக்கொள்ளும் தென்னார்க்காட்டு ஊர் ஒன்றில் வீடு வீடாகச் சோதித்து வா என்று அந்தோணிமேரியை அனுப்பினார்.

கெடாருக்கு அருகில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இருபத்து மூன்று வீட்டு மானம் இதில் இருக்கிறது.

அங்கே அவருக்குத் துணை கெங்கம்மாள். தாய்சேய் விடுதியில் ஆயா. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள் என்பதால் யாருக்கும் பயப்பட மாட்டாள். அந்தோணிமேரி பெரிய தாளில் குடும்பப் படம் போடுவார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. கெங்கம்மாள் வாயாலே சொல்லச் சொல்லக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாள் மீன் வலை மாதிரி ஆகிவிடும். கட்டங்களைப் பார்த்த ஊர் ஆண்கள் அது நில அளவைப் படம் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் தன் கட்டத்தைக் காட்டி, "இதுல என் கெணத்தைக் காணோமே" என்று இரண்டு நாள் பின்னாலேயே நடந்தார். கடைசியில் கட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்துக் கிணறு என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

இரட்டைக் கோட்டு வீடுகளில் ஒன்று நடராசன் வீடு. சொந்த அக்காள் வெள்ளையம்மாளின் மகள் கோவிந்தம்மாளைக் கட்டியவன். அவனுக்கு அக்காளும் மாமியாரும் ஒரே ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர்களுக்கு ஏழு வயதில் அஞ்சம்மாள் என்று ஒரு பெண்.

1959 சித்திரையில், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலை காயும் களத்தில் ஆண்களைச் சோதித்தார்கள். அந்த ஊரில் எது நடந்தாலும் நாட்டாண்மை சீனுவாசனுக்கு முதல் மரியாதை. தேர் வடம் முதலில் அவர் தொட வேண்டும், பொங்கல் முதலில் அவர் இலையில் விழ வேண்டும். ஆகவே காகிதமும் முதலில் அவர் நாக்குக்கே. யாரோ ஒரு புண்ணியவான் அந்த நகம் அளவு காகிதத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, மஞ்சள் தெளித்தே கொண்டுவந்துவிட்டான். மஞ்சள் பட்ட காகிதம் சோதனைக்கு ஆகாது என்று அதைத் தூக்கிப் போட்டு வேறு காகிதம் எடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னாம்மா இது?"

"நாக்கு மேல கொஞ்ச நேரம் வச்சுக்கினு, எப்படி இருக்குதுன்னு சொல்லுங்கய்யா. சில பேருக்குக் கசக்கும்."

"கசப்பா? எனக்கா?" என்று சிரித்து, மீசையை ஒதுக்கி, சீனுவாசன் காகிதத்தை வாயில் போட்டார்.

இடது கண் துடித்தது. மீசையின் ஒரு முனை மேலே போயிற்று, மறு முனை கீழே வந்தது. தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. பின்னால் இருநூற்றுப் பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "சப்புனு இருக்குது."

"தண்ணி வேணுங்களா?"

"தண்ணி எதுக்கு?"

அடுத்தது நடராசன். காகிதத்தை வைத்தான். கண்ணில் நீர் கோர்த்தது. "நாட்டாண்மை அண்ணனுக்கே ஒண்ணும் இல்ல, எனக்கு இன்னா? சப்புதான், எழுதிக்கங்க" என்றான். அடுத்தவன், அதற்கடுத்தவன், எல்லோரும் சப்பு. முதல் மரியாதைக்காரர் சப்பென்று சொன்ன பொருளைக் கசக்கிறது என்று சொல்ல அந்த ஊரில் எவனுக்கும் நாக்கு இல்லை. சோதித்த நாக்குகள் இருநூற்றுப் பதினான்கு. பேசியது ஒரு மீசை.

ஒவ்வொருவனும் சப்பென்று சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போய், மல்லாட்டைக் குவியலுக்குப் பின்னால் மறைந்தான். அங்கிருந்து கடக் கடக்கென்று கடிக்கும் சத்தம் வந்தது. இரண்டு நாளில் சீனுவாசனின் குவியலில் ஒன்றரை மூட்டை குறைந்தது. காக்காய்தான் தின்றது என்று அவர் ஒரு கிழவனைக் கவணோடு காவல் போட்டார். அந்தக் கிழவனும் சோதனைக்கு வந்தவன்தான். அரை மூட்டை கூடுதலாகக் குறைந்தது.

பெண்களைத் தாய்சேய் விடுதிக்குள் சோதித்தார்கள். அங்கே மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரில் நூற்று முப்பத்தேழு பேர் காறித் துப்பி, அந்தோணிமேரியைத் திட்டினார்கள். மற்றவர்கள் "பேப்பரு மாதிரி இருக்குது" என்றார்கள். அவர்களில் கோவிந்தம்மாளும் ஒருத்தி, சீனுவாசனின் மனைவி லட்சுமியம்மாளும் ஒருத்தி.

சேரியில் தனி வரிசை. ஒரே வரிசையில் நிற்கட்டும் என்று அந்தோணிமேரி களத்தில் எவ்வளவோ வாதாடினார். "நாக்குல இன்னா சாதிங்க இருக்குது?" என்று கேட்டதற்கு, "நாக்குல இல்லம்மா, வரிசையில இருக்குது" என்று பதில் வந்தது. தண்ணீர்ப் பானை தூக்கிவந்த சேரிக்காரர் சவுரிராயனைக் களத்துக்குள் கால் வைக்கவும் விடவில்லை. பானையைக் கெங்கம்மாள் வாங்கி, தண்ணீரைக் கீழே கொட்டி, வேறு தண்ணீர் பிடித்துவந்தாள். அப்போது அவளும் அப்படித்தான். மறுநாள் சேரியில் காகிதத்தை வாயில் வைத்த சவுரிராயன் முகத்தை எட்டுக் கோணலாக்கி, "இதைச் செஞ்சவன் மேல கேஸ் போடலாம்மா" என்றார். அங்கே பத்துக்கு ஏழு பேர் கசக்கிறது என்றார்கள். ஊரை விட்டு ஒதுக்கிவைத்த அந்தத் தனி வரிசை, மீசையிடமிருந்து சேரியின் நாக்கையாவது காப்பாற்றியது. ஒதுக்கிவைத்ததால் நடந்த ஒரே நன்மை அதுதான். அதற்காக அதை மன்னிக்க வேண்டியதில்லை.

கணக்கைப் பார்த்த பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் போலும். கடிதத்தில் எழுத்து அப்படி ஆடியிருந்தது. இருநூற்றுப் பதினான்கு ஆண்களில் ஒருவருக்குக்கூடக் கசக்கவில்லை! உலகத்தில் எங்குமே இப்படி இல்லை! அதே ஊர்ப் பெண்களுக்குக் கசக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேரி ஆண்களுக்குக் கசக்கிறது. ஆகவே மேல்சாதி ஆண்களுக்கென்று ஒரு தனி நாக்கு, தனி வித்து, தனிப் பரம்பரை! கட்டுரை தயாராகிறது; அந்தோணிமேரிக்கு லண்டனில் இரண்டு ஆண்டுப் படிப்பு; ஆடி மாதம் கப்பல்.

ஆயிரம் ஆண்டுகளாக எத்தனையோ பேர் வாயால் சொல்லிவந்த பொய்யை, இந்த மனிதர் ஒரு மல்லாட்டைக் குவியலின் உதவியால் விஞ்ஞானம் ஆக்கிவிட இருந்தார். அவர் கெட்டவர் அல்ல. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். களத்துக்கு ஒரு நாள் வந்திருந்தால் கடக் கடக் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

அந்தோணிமேரிக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தது. அவர் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம்: கசக்கும், கசக்காது. முகத்துக்குக் கட்டம் இல்லை. ஆகவே ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: கண் துடித்தது. முகம் சுளித்தார். மல்லாட்டை தின்றார். எழுதினாரே தவிர, எண்ணவில்லை. லண்டன் என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஓரத்தில் இருப்பதெல்லாம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. தொம்மை விழுப்புரம் போய்க் கம்பளிச் சட்டை வாங்கிவந்து, சித்திரை வெயிலில் மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது பிள்ளைகளின் சோதனை. அங்கேதான் அந்தோணிமேரி பெரிய தவறு செய்தார். மக்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடக் கரும்பலகையில் கட்டமும் வட்டமும் போட்டு, "அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் கசக்கலைன்னா பிள்ளைக்கும் கசக்காது" என்று பெற்றோர்களை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். பிறகு காகிதம் கொடுத்தார். அஞ்சம்மாள் வீலென்று அலறி, "கசக்குது! கசக்குது!" என்று நடராசன் வேட்டியின் மேலேயே துப்பினாள்.

நடராசன் வேகமாக யோசிக்கிறவன் அல்ல. கரும்பலகையில் பார்த்ததை மனதில் கூட்டிக் கழிக்க அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. எனக்குச் சப்பு, அவளுக்குச் சப்பு, பிள்ளைக்குக் கசப்பு. அப்படியானால்?

நான்காம் நாள் கெங்கம்மாள் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து நின்றாள்.

"யம்மா மேரி, உன் பேப்பரு ஒரு குடும்பத்தைப் பிரிச்சுடுச்சு. பிள்ளை எனக்குப் பொறக்கலன்னு சொல்லிக்கினு நடராசன் கோவிந்தம்மாவ வெளிய தள்ளிட்டான்."

"எங்க போச்சு அது?"

"எங்க போவும்? அம்மா ஊட்டுக்கு. செவுரு ஏறிக் குதிச்சா அம்மா ஊடு. அவ போன உடனே வெள்ளையம்மா தொடப்பத்தோட இந்தப் பக்கம் குதிச்சுது. தம்பின்னு அடிக்கிறதா, மருமவன்னு அடிக்கிறதான்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுது. அப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு தபா அடிச்சுது."

அந்தோணிமேரிக்குச் சிரிப்பு வந்தது. கெங்கம்மாள் சிரிக்கவில்லை.

"சிரிக்காத. வெள்ளிக்கிழமை காலையில பஞ்சாயத்து. ரெண்டு பேரையும் அத்து வுடப் போறாங்க. கூட்டேரிப்பட்டுல வேற பொண்ணு பாத்துட்டான். பசங்க அந்தக் குழந்தையக் கசப்பு கசப்புன்னு கூப்புடுதுங்க. நானு கையில ஏந்துன பிள்ளைம்மா. அப்பன் மூக்கை அப்படியே உரிச்சு வச்சுக்கினு பொறந்துச்சு. மூக்குக்கு உன் நோட்டுல கட்டம் இருக்குதா?"

இல்லை.

அந்தோணிமேரி நோட்டைத் திறந்து ஓரக் குறிப்புகளை முதல் முறையாக எண்ணினார். நூற்று நாற்பத்தொன்பது. நடராசனுக்கு எதிரே, "கண்ணீர்" என்று இருந்தது. அவன் பொய் சொன்னான் என்றால் கோவிந்தம்மாளின் வாழ்க்கை மிஞ்சும். அவன் பொய் சொன்னான் என்று ஒப்புக்கொண்டால், அதே வரிசையில் நின்ற அத்தனை பேரும் சொன்னதை நம்ப முடியாது. கட்டுரை இல்லை, லண்டன் இல்லை, இரண்டு ஆண்டு வேலையும் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வழி கிடையாது.

தொம்மை கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தப்பான தடத்துல வண்டி வந்துக்கினு இருக்குதுன்னு வச்சுக்க. நீ இன்னா செய்வ?"

"இன்னா கேள்வி இது? செவப்புக் கொடி காட்டி நிறுத்துவேன்."

"பெரிய ஆபீசருங்க உள்ள உக்காந்துக்கினு இருந்தா?"

"பெரிய ஆபீசருன்னா ரெண்டு கொடி காட்டுவேன்." பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இதைத் திருப்பிக் குடுத்தா கடைக்காரன் வாங்குவானா?" என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அந்தோணிமேரி ஊருக்குப் போனார். பையில் நோட்டும், மீதிக் காகிதங்கள் இருந்த டப்பாவும். களத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோவிந்தம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நடுவே சீனுவாசன்.

"வாம்மா டாக்டரம்மா. நீயே சொல்லு. உன் பேப்பரு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்கய்யா."

"கேட்டுக்கிட்டீங்களா? அப்ப முடிஞ்சுது."

"பேப்பரு பொய் சொல்லலைங்க. நீங்க சொன்னீங்க."

அந்தோணிமேரி நிறுத்தாமல் சொன்னார்: "நானு எழுதினது தப்பு. கசக்குதுன்னு மூஞ்சி சொல்லிச்சு, கசக்கலன்னு வாய் சொல்லிச்சு. நானு வாயை எழுதினேன். நாட்டாண்மைக்காரரு ஒண்ணும் இல்லன்னு சொன்ன பிறவு இந்த ஊருல ஒரு ஆம்பளையும் உண்மை பேசல."

"ஏய்!" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள்.

"எழுந்துக்காதீங்க, இன்னும் இருக்குது. இந்தக் கணக்கு சரின்னு வச்சுக்கினா, நடராசன் வீடு மட்டும் இல்ல. அம்மாவுக்குக் கசக்காம பிள்ளைக்குக் கசக்குற வீடு இந்த ஊருல இருபத்து மூணு. பேரு சொல்ல மாட்டேன். அது என் தொழில் தர்மம். அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க கேட்டுக்கலாம்."

நாலைந்து பேரும் உட்கார்ந்தார்கள். களம் முழுதும் ஆண்கள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள். எனக்குச் சப்பு, அவளுக்கு... அவளுக்கு என்ன? யாரும் மனைவியைக் கேட்டு வைத்திருக்கவில்லை. ஒவ்வொருவனும் மெல்லப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பெண்கள் ஏற்கெனவே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமியம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எனக்கு அந்தப் பேப்பரு கசக்கல. எம்புள்ள வேங்கடேசன் கசக்குதுன்னு துப்பினான். நாட்டாண்மைக்காரருக்குச் சப்பாம், ஊரே கேட்டுச்சு. அப்ப கோவிந்தம்மாவுக்குச் சொல்ற நியாயந்தான எனக்கும்? வண்டி பூட்டுங்க. நானு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

"அடியே, நீ உக்காரு!"

"ஏன் உக்காரணும்? ஜல்தி பூட்டுங்கப்பா, வெயில் ஏறுது."

அடுத்து ஒருத்தி எழுந்தாள். அடுத்து இரண்டு பேர். இருபத்து மூன்றோடு நிற்கவில்லை. நாற்பது, ஐம்பது என்று ஏறியது. "உனக்குக் கசந்துச்சேடி, நீ ஏன் எழுந்துக்கிற?" என்று ஒருத்தியைக் கெங்கம்மாள் கேட்டாள். "கசந்தா இன்னா? நானும் அம்மா ஊட்டுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் அவள். மூன்று மாட்டு வண்டிகளில் பெண்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி கூழ்ப்பானையையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு," என்றார் லட்சுமியம்மாள் வண்டியிலிருந்து. "ரெண்டு மூட்டை மல்லாட்டையைத் தின்னது எந்த ஊரு காக்கா?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். காவலுக்குப் போட்ட கிழவன் கவணை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

சீனுவாசன் பெரிய பேஜாரில் இருந்தார். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் மனைவி. வண்டிக்காரன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டதும், "எடும்மா அந்தப் பேப்பரை" என்று கையை நீட்டினார். நாக்கில் வைத்தார். இம்முறை எதையும் அடக்கவில்லை. "ஐயோ, த்தூ! வேப்பெண்ணெய்ப் பீப்பாய்ல வுழுந்த மாதிரி இருக்குது! போன தபாவும் இப்படித்தான் இருந்துச்சு! லட்சுமி, எறங்கு!"

அவ்வளவுதான். முதல் மரியாதைக்காரர் கசக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தனை ஆண்களும் முண்டியடித்து வரிசைக்கு வந்தார்கள். "கசக்குது!" "ரொம்பக் கசக்குது!" "எனக்கு அவனைவிட ஜாஸ்தி!" அறுபது பேருக்குள் டப்பா காலியாயிற்று. கூட்டம் விடவில்லை. அந்தோணிமேரி நோட்டின் வெறும் தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். வெறும் தாளுக்கும் கசந்தது. ஒருவன் தரையில் புரண்டான். ஒருவன் மயக்கமே போட்டான். மல்லாட்டை என்று யாரோ சொன்னதும் எழுந்தான்.

சின்னதுரை என்பவன் மட்டும், உண்மையான காகிதம் கிடைத்தும், விழித்துக்கொண்டு நின்றான். "எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியலைங்க. எங்க ஊட்டுல எல்லாருக்குமே சப்புதான்" என்றான். வண்டியிலிருந்து அவன் மனைவி கத்தினாள்: "ஊரே கசக்குதுன்னு சொல்லுது, நீ மட்டும் ஏன்யா தனியா நிக்கிற? கசக்குதுன்னு சொல்லித் தொலை!"

"கசக்குதுங்க," என்றான் சின்னதுரை.

நடராசன் கடைசியில் வந்தான். காகிதத்தை வைத்து, கண்ணைக் கசக்கி, மார்பில் அடித்துக்கொண்டு, "கசக்குதே! கோவிந்தம்மா, மன்னிச்சுடு!" என்றான். ஊர் ஆரவாரித்தது. ஆனால் அந்தோணிமேரி அவனுக்குக் கொடுத்தது வெறும் தாள்.

இந்த நாடகத்தால் பஞ்சாயத்து கலைந்துவிடும். ஆனால் நாளைக்கோ அடுத்த வருஷமோ ஒரு சண்டையில், "நான் அன்னைக்கு ஊருக்காகச் சொன்னேன்" என்று அவன் ஆரம்பித்தால்? டப்பாவின் மூலையை நகத்தால் துழாவினார். ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு நிஜமாகவே கசக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்தவுடன் கை நின்றது. கோவிந்தம்மாளிடம் போய்க் குனிந்து, நடந்ததை அப்படியே சொன்னார். "வேணாம்னா வுட்டுடலாம்."

கோவிந்தம்மாள் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தாள். "குடுங்கக்கா. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியட்டும்."

அவளே எழுந்து போய், "வாயைத் தொற" என்று சொல்லி, காகிதத்தை அவன் நாக்கில் வைத்தாள். மார்பில் அடித்துக்கொண்டிருந்த நடராசன் சட்டென்று நின்றான். கத்தவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. முகம் பச்சையாகி, கண் வெளியே வந்து, மீதி ஊரைத் தள்ளிக்கொண்டு மல்லாட்டைக் குவியலுக்கு ஓடினான். கடக் கடக் கடக் என்று சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கும் கசக்குது!" என்று அஞ்சம்மாள் கைதட்டினாள்.

கோவிந்தம்மாள் குவியலைச் சுற்றிப் போய் அவன் முன்னால் நின்றாள். "தின்னது போதும். பிள்ளையத் தூக்கிக்கினு முன்ன நட. செவுரு வழியா இல்ல, தெரு வழியா. கூப்புட்டுக்கினு போறத எல்லாரும் பாக்கட்டும். கூட்டேரிப்பட்டுக்கு ஆள் அனுப்பி, எனக்குப் பொண்டாட்டி இருக்குதுன்னு சொல்லு." வெள்ளையம்மாள் துடைப்பத்தோடு பின்னால் காவலுக்கு நடந்தார்.

அந்தோணிமேரி சென்னைக்கு எழுதினார்: முதல் கணக்கில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் கசக்கவில்லை, இரண்டாவது கணக்கில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் கசக்கிறது, வெறும் தாள் உட்பட. "எது உண்மை?" என்று தந்தி வந்தது. "இரண்டும் இல்லை" என்று பதில் போயிற்று. லண்டன் கப்பலில் வேறொருவர் ஏறினார். மேல்சாதி நாக்குக் கட்டுரை அச்சேறவில்லை. கம்பளிச் சட்டையைக் கடைக்காரன் திருப்பி வாங்கவில்லை. தொம்மை அதை மார்கழி வண்டிகளுக்குக் கொடி காட்டும்போது போட்டுக்கொண்டார்.

அந்தோணிமேரியைத் துறையில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து அவர் அந்தக் களத்தையே யோசித்தார். வெறும் தாளுக்குப் புரண்டவனையும், உண்மையான காகிதத்துக்குப் பேச்சற்று ஓடியவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து ஒரு முறை பிறந்தது: வரிசை கூடாது, ஒரு நேரத்தில் ஓர் ஆள், மூடிய அறை, வெறும் தாளும் மருந்துத் தாளும் கலந்து, எது எது என்று கொடுப்பவருக்கே தெரியாமல். பெரிய நாடுகளில் இப்படிச் செய்வது உண்டு என்று பின்னால் புத்தகங்களில் படித்தார். அவர் மல்லாட்டைக் களத்தில் கற்றார்.

1965இல் அதே ஊருக்குத் திரும்பிப் போனார். இப்போது உதவியாளராகச் சவுரிராயன். இடையில் சுகாதார ஊழியர் வேலைக்குத் தேறியிருந்தார். தாய்சேய் விடுதியின் ஒரே அறை, ஒரே கதவு. ஊர், சேரி, ஆண், பெண், எல்லோரும் அதே கதவு வழியாக, பெயரின் எழுத்து வரிசையில். "எனக்கு முதல் மரியாதை" என்று யாராவது ஆரம்பித்தால் வாசலில் நின்ற கோவிந்தம்மாள், "உங்க எழுத்து வரட்டுங்க" என்று உட்கார வைத்துவிடுவாள். கணக்கு முடிந்தபோது ஊரிலும் சேரியிலும், ஆணிலும் பெண்ணிலும், பத்துக்கு ஏழு. ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்த ஆண்டு அந்தக் கணக்குக்குத்தான் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

சீனுவாசனின் எழுத்து மூன்றாம் நாள் பிற்பகலில் வந்தது. உள்ளே வந்து, கதவு மூடியதும், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வெளிய போயி இன்னா சொல்லணும்மா?"

"ஒண்ணும் சொல்ல வேணாங்கய்யா. இங்க எனக்கு மட்டும் சொன்னா போதும்."

பெரிய பாரம் இறங்கியது போல உட்கார்ந்தார். முதல் தாளுக்கு, "பேப்பரு" என்றார். இரண்டாவதற்கும், "பேப்பரு." மூன்றாவது தாளை வைத்ததும் மீசையின் ஒரு முனை மேலே போயிற்று, மறு முனை கீழே வந்தது.

"தண்ணி!"

மூலையில் நின்ற சவுரிராயன் செம்பை நீட்டினார். சீனுவாசன் பிடுங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வாயைத் துடைத்த பிறகுதான் செம்பைக் கொடுத்தது யார் என்று பார்த்தார். செம்பைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். நாக்கில் கசப்பு இன்னும் இருந்தது.

"இன்னொரு செம்பு குடுப்பா," என்றார்.